வளர்ந்த பிள்ளைகளோடு தீன் பேசுவோம்



யஃகூப் நபி (அலை) அவர்களுக்கு மரண வேளை நெருங்கியது. அவர்கள் தம் மக்களை அருகில் அழைத்து, தமக்குப் பின்னர் அவர்கள் எதை வணங்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். தங்கள் தந்தையும் பாட்டனாரும் வணங்கி வந்த அந்த ஒரே இறைவனையே வணங்குவோம் என்று மக்கள் பதில் கூறினார்கள். அல்பகரா சூராவின் 133ஆம் வசனம் இந்நிகழ்ச்சியை நமக்கு எடுத்துக் கூறுகிறது.

இதில் சற்று நின்று சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேட்டவர் ஒரு நபி. கேட்கப்பட்டவர்கள் நபியின் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களில் யூசுப் (அலை) அவர்களும் ஒரு நபி. அப்படியிருந்தும், நம் வீட்டுப் பிள்ளைகள்தாமே, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அந்தத் தந்தை விட்டுவிடவில்லை. தம் காதால் கேட்டு, பிள்ளைகளின் வாயாலேயே பதிலை வாங்கிக் கொண்டார்கள்.

நாமும் பிள்ளைகளிடம் அன்றாடம் எவ்வளவோ கேட்கிறோம். பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்கிறோம். டியூஷனுக்குப் போனாயா, சாப்பிட்டாயா, தொழுதாயா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய், உன் மனத்தில் ஏதேனும் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்ட பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? இம்மாதம் நாம் எடுத்துக் கொண்டிருக்கும் பாடம் இதுவே.

டிசம்பர் மாதத்து முறையீடு

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் போன்ற ஊர்களில் வாழும் நம்மவர்கள் தனித்து வாழ்பவர்கள் அல்லர். ஒரே தெருவில் இந்துச் சகோதரர்களும் கிறிஸ்தவச் சகோதரர்களும் நம்மோடு வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், கூடப் படிக்கும் நண்பன் தன் சபை வாலிபர்கள் நடத்தும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி அழைக்கிறான். பையன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். வந்த பிறகு வீட்டில் கேள்விகள் பிறக்கின்றன.

"அத்தா, ஈஸா நபியை நாமும்தானே நம்புறோம்? அப்புறம் அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"பெரிய மனுஷனாட்டம் பேசாதே. இனிமே அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன். போய் ஓது, போ!"

பேச்சு இத்துடன் முடிந்துவிடுகிறது. மறுநாள் தகப்பனார் பள்ளிவாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், பையன் கண்டதையெல்லாம் கேட்கிறான். நீங்கள் கூப்பிட்டுக் கண்டியுங்கள்" என்கிறார். அவருடைய கவலை உண்மையான கவலைதான். தன் பிள்ளையின் ஈமானுக்குக் கேடு வந்துவிடுமோ என்று அஞ்சும் தகப்பன் நல்ல தகப்பனே. ஆனால் கண்டிக்கத்தக்கதாக அந்தப் பையன் என்ன செய்துவிட்டான்? தன் அத்தாவிடம் வந்து கேட்டிருக்கிறான். வெளியே கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கம் தேடியிருக்கிறான். அந்த வாசலை அடைத்துவிட்டால் அடுத்த கேள்வியை அவன் எங்கே கொண்டு போவான்? கையில் இருக்கும் செல்போனிடம் கேட்பான், அல்லது வேறு யாரிடமேனும் கேட்பான், அல்லது கேட்காமலே உள்ளத்தில் பூட்டி வைத்துக் கொள்வான். மூன்றில் எதுவும் அத்தாவிடம் கேட்பதைவிடச் சிறந்ததாகாது.

அண்டை வீட்டாரின் ஏற்பாடுகள்

பயப்படுவதற்கு முன்னால், கிறிஸ்தவச் சகோதரர்கள் தங்கள் வாலிபப் பிள்ளைகளுக்காக என்ன செய்கிறார்கள் என்பதை நேர்மையோடு அறிந்து கொள்வது நல்லது. அறியாத ஒன்றைப் பற்றிப் பிள்ளையிடம் பேசினால் நம் பேச்சில் பலம் இராது.

நம் பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டமாகி, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இந்தத் தென்னார்க்காட்டில் 1860களிலேயே டென்மார்க் நாட்டு லுத்தரன் மிஷனரிமார் ஊழியம் தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை 1913 முதல் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. கத்தோலிக்கர்கள் புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் இருக்கிறார்கள்.

இவர்களிடம் சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளி உண்டு. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் ஆதரித்து வளர்த்ததால் இந்த முறை பரவிற்று. வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு, அவர்களின் ஒரே ஓய்வு நாளில் எழுத்தும் வேதமும் கற்றுக் கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பாட்டு, கதை, விளையாட்டோடு நடத்துகிறார்கள். பிள்ளை வளர்ந்ததும் கத்தோலிக்கரிடத்தில் உறுதிபூசுதல் என்றும், லுத்தரன் சபையாரிடத்தில் திடப்படுத்தல் என்றும் ஒரு சடங்கு இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது பெற்றோர் தனக்காக ஏற்றுக் கொண்டதை இப்போது நானே அறிந்து ஏற்கிறேன் என்று வாலிபன் சபை முன்னே சொல்லுவதாக லுத்தரன் சபையில் அது அமைந்திருக்கிறது. அதற்கு முன் அவனுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். அதன் பிறகு வாலிபர் ஐக்கியம், இளையோர் இயக்கம் என்று சேர்த்துக் கொள்கிறார்கள்.

உலக அளவிலும் இப்படியே. 1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர் இருபத்திரண்டு வயதில் தம் நண்பர்களோடு தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்கம்தான் நாம் ஒய்.எம்.சி.ஏ. என்று அழைப்பது. சென்னையில் அது 1890இல் வந்தது. கத்தோலிக்கரின் தலைவர் போப் இரண்டாம் ஜான் பால் 1985இல் உலக இளையோர் தினத்தை ஏற்படுத்தினார். 2018 அக்டோபரில் ரோமாபுரியில் வாலிபர்களைப் பற்றியே பிஷப்புகளின் மாமன்றம் கூடிற்று. அதற்கு முன்பு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பல நாடுகளிலிருந்தும் ஏறக்குறைய 300 வாலிபர்களை அங்கே வரவழைத்து, அவர்கள் சொல்லுவதை முதலில் கேட்டார்கள்.

அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடைய கொள்கை வேறு. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு, கேட்பதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இது உண்மை. உண்மையை ஒப்புக் கொள்வதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அவர்கள் கண்டது

இத்தனை ஏற்பாடுகளும் செய்த பிறகு, அவர்கள் அனுபவத்தில் கண்டறிந்தது என்ன தெரியுமா? வீட்டுக்கு மாற்று ஏதும் இல்லை என்பதே.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1528ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டுச் சபைகளைச் சென்று பார்த்தார். சாதாரண மக்களுக்குத் தங்கள் மதத்தின் அடிப்படைகள்கூடத் தெரியாதிருந்ததைக் கண்டு மனம் வருந்தி, 1529இல் கேள்வி பதிலாக ஒரு சிறு நூலை எழுதினார். அந்த நூலை, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்றுக் கொடுக்க வேண்டும் என்றே அமைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தொடக்கத்திலேயே தமிழாக்கிய நூல்களில் அதுவும் ஒன்று.

நம் காலத்து ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளரின் குழு 2002, 2003 ஆண்டுகளில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 3,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் மத வாழ்க்கையைப் பற்றி விசாரித்தது. பிறகு அவர்களில் 267 பேரை நேரில் சந்தித்து நீண்ட நேரம் பேசியது. அதன் முடிவுகள் 2005இல் நூலாக வெளிவந்தன. பிள்ளைகளின் மதப் பற்றில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் செல்வாக்குச் செலுத்துபவர்கள் பெற்றோரே என்று அந்த ஆராய்ச்சி கண்டது. இன்னொன்றையும் கண்டது. தாங்கள் நம்புவது என்ன என்று அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியவில்லை. பலரைப் பொறுத்தவரை, நீ என்ன நம்புகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்டதே அதுதான் முதல் தடவையாக இருந்ததாம்!

கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இந்த நிலைமை. நம் பிள்ளைகளிடம் யாரேனும் இப்படி விசாரித்தால் என்ன பதில் கிடைக்கும் என்று நாமே நம்மைக் கேட்டுக் கொள்வோம்.

கடமை தொடங்கும் நாளில் பாடம் முடிகிறது

நம் ஊர்களின் நடைமுறையைக் கவனியுங்கள். ஐந்து வயதில் பிள்ளையை மக்தபுக்கு அனுப்புகிறோம். அலிஃப், பே, தே கற்கிறான். கலிமாக்களையும் தொழுகையில் ஓதுபவற்றையும் மனப்பாடம் செய்கிறான். பத்து அல்லது பன்னிரண்டு வயதில் குர்ஆனை ஓதி முடித்துவிடுகிறான். அன்று இனிப்பு வழங்கி, உஸ்தாதுக்கு மரியாதை செய்து மகிழ்கிறோம். அதோடு மக்தப் முடிந்தது. அதன் பின் டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், பொதுத் தேர்வு. பெண் பிள்ளையாக இருந்தால் பருவம் அடைந்ததும் மக்தப் நின்றுவிடுகிறது.

ஷரீஅத்தின் சட்டப்படி ஒரு பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் எப்போது கடமையாகின்றன? பாலிகாகும்போது, அதாவது பருவம் அடையும்போது. அதுவரை பெற்றோர் பழக்குவது பயிற்சி. அதன் பிறகுதான் அல்லாஹ்வின் சன்னிதியில் அவனே பதில் சொல்ல வேண்டியவன் ஆகிறான். ஆக, கடமை தொடங்கும் அதே வயதில் நாம் பாடத்தை நிறுத்திவிடுகிறோம். குழந்தையாக இருந்தபோது "எப்படி" என்று கற்றுக் கொடுத்தோம். எப்படி ஒளுச் செய்வது, எப்படித் தொழுவது என்று சொன்னோம். இப்போது அவன் "ஏன்" என்று கேட்கிறான். அதற்கு மக்தபும் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை.

ஜுன்துப் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் தம் இளமையை நினைவுகூர்ந்து சொன்ன செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது. பருவம் நெருங்கிய வாலிபர்களாக அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களோடு இருந்தார்களாம். குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானைக் கற்றார்களாம். பிறகு குர்ஆனைக் கற்றபோது அதனால் அவர்களின் ஈமான் வளர்ந்ததாம். எழுத்தையும் ஓதலையும் கற்பித்துவிட்டோம். அந்த ஈமான் பாடத்தை எப்போது நடத்தப் போகிறோம்?

கேள்வி கேட்பது குஃப்ராகுமா?

பிள்ளை கேள்வி கேட்டதும் நம் பெற்றோர் பதறிப் போவதற்குக் காரணம், கேள்வி கேட்பதே ஈமானுக்குக் கேடு என்ற எண்ணம்தான். இது சரியான எண்ணம் அன்று.

மனிதனைப் பூமியில் தன் பிரதிநிதியாக்கப் போவதாக அல்லாஹ் அறிவித்தபோது, குழப்பம் செய்து இரத்தம் சிந்துபவர்களையா படைக்கப் போகிறாய் என்று மலக்குகள் கேட்டார்கள். கேட்டதற்காக அல்லாஹ் அவர்களைத் தண்டிக்கவில்லை. அவர்கள் அறியாததைத் தான் அறிந்திருப்பதாகப் பதில் தந்தான். மரித்தவர்களை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று தமக்குக் காட்டும்படி இப்ராஹீம் (அலை) அவர்கள் வேண்டினார்கள். நம்பிக்கை இல்லாமல் அவர்கள் கேட்கவில்லை. உள்ளம் அமைதி பெறுவதற்காகவே கேட்டார்கள். அல்லாஹ்வும் காட்டிக் கொடுத்தான். இவ்விரண்டும் அல்பகரா சூராவிலேயே உள்ளன.

சஹாபாக்கள் சிலர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் தோன்றுவதாக முறையிட்டார்கள். அவ்வாறு அஞ்சுவதே தெளிவான ஈமானின் அடையாளம் என்று பெருமானார் ஆறுதல் கூறியதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. சந்தேகம் தோன்றி, அதனால் மனம் கலங்கி, பெரியவரிடம் வந்து கேட்கும் பிள்ளையின் நிலையும் இதுதான். அவனை விரட்டுவது சுன்னத்துக்கு மாற்றமானது.

ஒரு வாலிபர் சபையில் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் அபூ உமாமா (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருக்கிறது. சுற்றியிருந்தோர் அவரை அதட்டினார்கள். பெருமானாரோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று அவரே பதில் சொன்னார். மற்ற மக்களும் அவ்வாறே விரும்ப மாட்டார்கள் என்று புரிய வைத்து, அவர் மேல் கை வைத்து துஆச் செய்தார்கள். இதைவிட மோசமான கேள்வியை நம் பிள்ளை கேட்டுவிடப் போகிறானா?

இஸ்மாயீல் (அலை) அவர்களின் வரலாற்றையும் பாருங்கள். அறுத்துப் பலியிடுமாறு கனவில் வந்த கட்டளையை நிறைவேற்றும் முன், இப்ராஹீம் (அலை) அவர்கள் அந்த இளம் மகனிடம் விஷயத்தைச் சொல்லி, அவருடைய கருத்து என்ன என்று கேட்டார்கள். அஸ்ஸாஃப்பாத் சூராவின் 102ஆம் வசனத்தில் இது உள்ளது. அல்லாஹ்வின் கட்டளையாக இருந்தும் மகனிடம் பேசினார்கள். மகனும் தன் சம்மதத்தைத் தானே மொழிந்தார்.

என்ன பதில் சொல்வது?

முதலில் ஈஸா நபியைப் பற்றிய கேள்வி. அந்தத் தகப்பனார் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஆமாம் மகனே, நீ சொல்வது சரி. ஈஸா (அலை) அவர்களை நம்பாதவன் முஸ்லிமாக இருக்க முடியாது. குர்ஆனில் அவர்கள் பெயர் 25 இடங்களில் வருகிறது. அவர்கள் தாயார் மர்யம் (அலை) அவர்களின் பெயரில் ஒரு சூராவே இருக்கிறது. தகப்பன் இல்லாமல் அவர்கள் பிறந்ததையும், அல்லாஹ்வின் அனுமதியோடு நோயாளிகளைக் குணப்படுத்தியதையும் நாமும் ஏற்கிறோம். ஆனால் அவர்களை அல்லாஹ்வின் மகன் என்று நாம் சொல்வதில்லை. அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர். வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே. இந்த இடத்தில்தான் நம் வழியும் அவர்கள் வழியும் பிரிகின்றன." இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம் ஆகுமா? இதைக் கேட்ட பிள்ளை நாளைக்குத் தன் நண்பனிடமும் சண்டையில்லாமல் இதைச் சொல்லுவான்.

அடுத்து, இன்னும் கடினமான கேள்வி. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தகப்பனை இழந்த பிள்ளைகள் பலர். கூடப் படிக்கும் பிள்ளைகளின் துயரத்தைக் கண்ணால் கண்ட பெண்பிள்ளை, "அம்மா, அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சாங்க? அல்லாஹ் ஏன் இப்படி விட்டான்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"குடிச்சாங்க, செத்தாங்க" என்று சொல்லி முடித்துவிடுவது இரக்கமற்ற பதில். அவள் கேட்டது குடித்தவர்களைப் பற்றி அன்று, பிள்ளைகளைப் பற்றி. இறந்தவர்களை ஏசுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அம்மா அவளை அணைத்துக் கொண்டு சொல்லலாம்: மனிதர்களின் கைகள் செய்தவற்றால்தான் பூமியில் குழப்பம் தோன்றுகிறது என்று அர்ரூம் சூராவில் அல்லாஹ் கூறுகிறான். விஷத்தைக் கலந்தவன் மனிதன், பணத்துக்காக விற்றவன் மனிதன். போதையை அல்லாஹ் ஹராமாக்கியது, குடிப்பவனை மட்டுமல்ல, அவன் வீட்டுப் பிள்ளைகளையும் காப்பதற்காகத்தான். அனாதைகளின் உரிமையைப் பற்றி அவன் நம்மிடம் கேட்பான். ஆகவே உன் தோழிக்கு நம்மால் என்ன செய்ய முடியும், சொல். இதற்கு மேல் அல்லாஹ்வின் ஹிக்மத் முழுவதும் நமக்குத் தெரியாது, அதை அவனே அறிவான் என்று ஒப்புக் கொள்வதிலும் குறைவு இல்லை. இவ்வாறு பேசும் வீட்டில் கேள்வி இபாதத்தாக மாறிவிடுகிறது. அந்தப் பெண்பிள்ளை கண்ணீரோடு நின்றுவிடாமல், ஒரு நோட்டுப் புத்தகமாவது வாங்கிக் கொண்டு தோழியின் வீட்டுக்குப் போவாள்.

போகலாமா, கூடாதா?

நிகழ்ச்சிக்கு அழைக்கும் நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிறர் வணக்கத்தில் நாம் பங்கு கொள்வது ஆகாது. அவர்களின் ஜெபத்திலோ சடங்கிலோ முஸ்லிம் கலந்து கொள்ள முடியாது. ஆனால் அண்டை வீட்டாரோடு நல்லுறவு பேணுவதும், அவர்கள் துக்கத்தில் போய் நிற்பதும், ஹலாலான பண்டம் கொடுத்தால் வாங்கி உண்பதும் மார்க்கம் தடுத்த காரியங்கள் அல்ல. நம்மோடு பகைமை பாராட்டாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதமாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா சூராவின் 8ஆம் வசனம் தெளிவாக்குகிறது. நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களோடு அமர்ந்து பேசினார்கள். ஆகவே "வணக்கத்துக்கு நான் வர முடியாதுடா, எங்கள் மார்க்கத்தில் அப்படி. மற்றபடி உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று நண்பனிடம் அன்போடு சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள்.

கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களில் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதம் இல்லாமல், அவர் சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கு கொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இந்திய அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. தலைமையாசிரியரிடம் மரியாதையோடு இதைத் தெரிவித்தால் போதுமானது. சண்டை பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று. வாரத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போன்கள் வேறு அறையில் இருக்கட்டும். அன்று பெற்றோர் பேசுவதைவிடப் பிள்ளைகள் பேசுவது அதிகமாக இருக்க வேண்டும். மகனோடு அத்தாவும், மகளோடு அம்மாவும் தனித்துப் பேசும் நேரமும் வேண்டும். மகளுடைய கேள்விகளில் சிலவற்றை அவள் எல்லார் முன்னிலும் கேட்க மாட்டாள்.

இரண்டு. பிள்ளை பேசி முடிக்கும் முன் குறுக்கிட வேண்டாம். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைக் குர்ஆன் எடுத்துக் கூறும்போது, என் அருமை மகனே என்ற அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் குரல் நம்மிடமும் இருக்கட்டும்.

மூன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் கூறியிருக்கிறார்கள். அதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை. ஆனால் கேள்வியை அத்துடன் விட்டுவிடாமல், ஆலிமிடம் கேட்டு அடுத்த வாரமே பிள்ளையிடம் வந்து சொல்லுங்கள். பிள்ளையையும் கூட்டிக் கொண்டு போனால் இன்னும் நல்லது.

நான்கு. பிற மதத்தவரையோ அவர்கள் வணங்குபவற்றையோ இழித்துப் பேச வேண்டாம். அல்அன்ஆம் சூராவின் 108ஆம் வசனம் அதைத் தடுக்கிறது. ஏசுவதை நம்மிடம் கற்ற பிள்ளைக்குத் தன் தீனை விளக்கத் தெரியாது.

ஐந்து. பிள்ளையைச் சொல்ல வையுங்கள். அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் சபையில் முஸ்லிம்களின் சார்பாக எழுந்து பேசியவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) என்ற வாலிபர். முன்பு எப்படி இருந்தோம், பெருமானார் எதைக் கற்பித்தார்கள், ஏன் இங்கு வந்தோம் என்று சுருக்கமாக எடுத்துரைத்து, மர்யம் சூராவின் ஆரம்பத்தை ஓதிக் காட்டினார்கள். அரசர் கண்ணீர் விட்டார். மறுநாள் ஈஸா நபியைப் பற்றிக் கேட்கப்பட்டபோதும், மறைக்காமலும் மனம் நோகச் செய்யாமலும் உள்ளதைச் சொன்னார்கள். தான் முஸ்லிமாக இருப்பது ஏன் என்று நம் பிள்ளையும் தன் சொந்த வார்த்தையில் ஐந்து வாக்கியம் சொல்லப் பழக வேண்டும்.

ஆறு. தொலைவில் இருக்கும் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். கல்வராயன் மலையில் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தங்கிப் படிப்பதைக் காண்கிறோம். நம் பிள்ளைகளும் மேல்படிப்புக்காகச் சென்னை, சேலம் என்று விடுதிகளில் தங்குகிறார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் உத்தியோகமாகவோ வியாபாரமாகவோ சென்று, குடும்பத்தைக் கீழே விட்டிருக்கும் அத்தாமார்களும் உண்டு. மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் வேறு சில வாலிபர்களும் பெருமானாரிடம் இருபது இரவுகள் தங்கியபோது, வீட்டை நினைத்து அவர்கள் ஏங்குவதைப் பெருமானாரே உணர்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அன்போடு திருப்பி அனுப்பினார்கள் என்று புகாரியில் இருக்கிறது. பணம் வந்ததா என்று கேட்கும் டெலிபோன் பேச்சில், மனம் எப்படி இருக்கிறது, தொழுகையில் மனம் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை

முத்தவல்லிகளும் ஜமாஅத் பெரியோர்களும் மாதம் ஒரு முறை, வளர்ந்த பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கென்றே ஓர் அமர்வை ஏற்படுத்தலாம். அங்கே பயானைக் குறைத்துக் கேள்விக்கு இடம் கொடுக்க வேண்டும். பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடச் சொன்னால் கூச்சம் உள்ள பிள்ளையும் கேட்பான். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவைக் கொண்டு தனி அமர்வு வைக்கலாம். இதற்குப் பெரும் செலவு இல்லை. ஆனாலும் இது வீட்டுக்குத் துணைதான். வீட்டில் பேச்சு இல்லாத பிள்ளை அந்த அமர்வுக்கும் வர மாட்டான்.

யஃகூப் (அலை) அவர்கள் மரண வேளையில் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் பேசி வந்த வீடு அது. நாம் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பிள்ளைகளை அருகில் அழைத்து உட்கார வைத்துக் கேட்போம். அவர்கள் சொல்லுவதைப் பொறுமையோடு செவிமடுப்போம்.

வல்ல ரஹ்மான் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களுடைய உள்ளங்களில் ஈமானை உறுதிப்படுத்துவானாக! அவர்களுடைய கேள்விகளுக்கு அன்போடும் அறிவோடும் பதில் சொல்லும் பாக்கியத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.